லென்ஸ்காரரின் இடது மணிக்கட்டு

"கழட்டி வைங்கன்னு சொல்றேன்ல!"

"எதைக் கழட்டறது? கையில என்ன இருக்கு? நீயே பாரு!"

"அப்ப அந்த டிக் டிக் எங்கேருந்து வருது? என் காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கேன்? எவ வாங்கிக் குடுத்தா? முதல்ல அதைச் சொல்லுங்க!"

காலை ஆறேகால் மணி. மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னல் திறந்திருந்ததால் கட்டடம் முழுவதும் இதைக் கேட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். இதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று பந்தயம் கட்ட வழியில்லை, ஏனென்றால் இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். லென்ஸ்காரரின் இடது கையில் வாட்ச் இல்லை. அந்த வெறுங்கையிலிருந்து, நொடிக்கு ஐந்து துடிப்பாக, சாவி கொடுத்த வாட்ச் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அதோடு மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்து, வருடக்கணக்காக ஸ்ட்ராப் கட்டியவர் கை போல இருந்தது. நடுவே முகப்பு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக இன்னொரு வெளுப்பு. அவரே காலிப்பர் வைத்து அளந்து பார்த்தார்: முப்பத்தேழு மில்லிமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிறந்து நாற்பத்தொரு வருடத்தில் அவர் சொந்தமாக ஒரு வாட்ச் வாங்கிக் கட்டியதே கிடையாது.

மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். கோபத்தைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, கணவனின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி எழுபத்திரண்டு. டிக் டிக் தனி. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தையில்லாத இரண்டு பேரைப் போலப் போய்க்கொண்டிருந்தன. இன்னொருத்தி இல்லை என்று தெரிந்ததில் ஒரு பாரம் இறங்கியது. இது எதனால் வந்தது என்று உடனே புரிந்துபோனதில் அதைவிடப் பெரிய பாரம் ஏறியது. "ஓ, இதுவா சங்கதி" என்றாள். பிறகு மாடியைப் பார்த்தாள். நான்காம் மாடியில்தான் அவளுடைய அக்கா வீட்டுக்காரர், அதாவது லென்ஸ்காரரின் சகலை, குடியிருந்தார்.

சங்கதி இதுதான். லென்ஸ்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். ஃப்ரேமுக்குள் கண்ணாடி நிற்பதும் தெறிப்பதும் தலைமுடி கனத்தில் இருக்கிறது என்று அறிந்த மனிதர். ஆகவே அவருக்கு எதையும் சட்டென்று வாங்க வராது. செருப்பு வாங்கவே இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார். தினமும் கட்டிக்கொள்ள ஒரே ஒரு வாட்ச், சாகும்வரை அது போதும் என்று முடிவுசெய்து, அதைத் தேர்ந்தெடுக்க மூன்று வருடம் செலவழித்தார். கடையிலிருந்து காலிப்பரைச் சட்டைப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து மணிக்கட்டை அளந்தார். சுற்றளவு பதினாறரை சென்டிமீட்டர், மேலே தட்டையான இடம் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர். இந்தக் கைக்கு நாற்பதுக்கு மேல் போனால் குழந்தை அப்பா செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். கனம் ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சட்டைக் கை ஏறாது, தேய்க்கிற சக்கரத்திலும் இடிக்கும். பேட்டரி வாட்ச் வேண்டாம். அது நம்மைக் கேட்காமலே ஓடுகிற சாமான். கை ஆட ஆடத் தானே ஏறிக்கொள்ளும் வாட்சும் வேண்டாம். உட்கார்ந்தே வேலை செய்கிறவன் கை எங்கே ஆடப்போகிறது? தினமும் காலையில் திருகைப் பிடித்து முப்பது நாற்பது சுற்றுச் சாவி கொடுக்கிற வாட்ச்தான் வேண்டும். வெள்ளை முகப்பு, பளபளக்கக் கூடாது. கறுப்பு எண்கள். ஆறு மணிக்கு மேலே தனியாக ஒரு குட்டி வட்டம், அதில் நொடி முள் தன்பாட்டுக்கு நடக்க வேண்டும்.

அப்படி ஒரு வாட்ச் கடைத்தெரு வாட்ச் கடையில் இருந்தது. லென்ஸ்காரர் சனிக்கிழமை தவறாமல் போய், கண்ணாடிப் பெட்டியிலிருந்து அதை எடுக்கச் சொல்லி, கால்மணி நேரம் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடப்பார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பார், வாசலில் நின்று வெயிலில் பார்ப்பார், காதில் வைத்துக் கேட்பார், கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். கடைக்காரருக்கு முதல் வருடம் எரிச்சல், இரண்டாம் வருடம் பழக்கம், மூன்றாம் வருடம் பாசமே வந்துவிட்டது. தெருவில் பார்த்தால், "உங்க வாட்ச் சௌக்கியமா இருக்கு சார்" என்பார். எல்லாம் முடிவாகி, ஸ்ட்ராப் கறுப்பா காப்பி நிறமா என்பதில் மட்டும் எட்டு மாதம் ஓடியது.

அந்த எட்டாம் மாதத்தில்தான் லென்ஸ்காரர் வாயை விட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எப்போதும் தரைத்தளத்தில் மாமனார் வீட்டில். அங்கே மூத்த மாப்பிள்ளை பேசுவார், மாமனார் தலையாட்டுவார், இளைய மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்பை நகர்த்திக் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஏற்பாடு இதுதான். மூத்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. மழைக்கு ஒதுங்கின கடையில் சோஃபா வாங்கிவிட்டு வருகிறவர். அன்று ஏதோ பேச்சில் வாட்ச் என்று ஒரு வார்த்தை வர, லென்ஸ்காரர் பேசத் தொடங்கி இருபது நிமிடம் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் அவர் பேசி எல்லோரும் கேட்டது அதுதான் முதல் தடவை. சகலைகூடச் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்படியா? ஏன் ஒன்பது மில்லிமீட்டர்? எந்தக் கடை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். லென்ஸ்காரருக்கு உச்சி குளிர்ந்துபோய், கடையில் எந்த வரிசையில் எத்தனையாவது என்பதுவரை சொல்லிவிட்டார். யாரிடம் எதைச் சொல்வது என்று ஒரு கணக்கு வேண்டாமா?

திங்கட்கிழமை மாலை அந்த வாட்ச் சகலை கையில் இருந்தது. காப்பி நிற ஸ்ட்ராப்.

"உங்க புண்ணியம் சகலை! ரெண்டே நிமிஷத்துல வேலை முடிஞ்சுது" என்று லிஃப்டிலேயே கையை நீட்டிக் காட்டினார். மூன்று வருடம், எட்டு மாதம், இரண்டு நிமிடம். அடுத்த ஞாயிறு மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய மாப்பிள்ளை எதையும் யோசிச்சுதான் வாங்குவார்" என்று சொன்னபோது லென்ஸ்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் மனசு கேட்காமல், அதே மாதிரி இன்னொன்று தருவித்துத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அதே வாட்சை இப்போது கட்டினால், சகலையைப் பார்த்துக் காப்பியடித்ததாக ஆகிவிடும். வேறு வாட்ச் வாங்கினால், காலிப்பர் மூன்று வருடமாகப் பொய் சொன்னதாக ஆகிவிடும். ஆகவே லென்ஸ்காரர் வெறுங்கையோடு இருந்தார். மூன்றாம் வாரம் தோல் வெளுத்தது. நான்காம் வாரம் சத்தம் வந்தது.

வந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மற்றவர்களுக்கும் பொறாமை உண்டு, அது வயிற்றுக்குள்ளேயே எரிந்துவிட்டு ஓசைப்படாமல் அணையும். இவருடையது ஊருக்கே கேட்டது. சகலை படியில் இறங்கிவந்தால் வேகம் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சகலை வாட்சைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் தடதடக்கும். "என்ன தம்பி, எங்க வீட்டுக்காரரைப் பார்த்தா உங்களுக்கு இப்படிப் படபடங்குது" என்று மூத்தவள் சிரிக்காமல் கேட்டாள். லென்ஸ்காரர் கையை மேஜைக்கு அடியில் ஒளித்தார், மேஜை அதிர்ந்தது. மனைவிக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பொரிந்து தள்ளினாள்: "பொறந்ததுலேருந்து எங்க அக்காவுக்கு எல்லாம் முதல்ல. முதல் பாவாடை, முதல் சைக்கிள், முதல் கல்யாணம். நான் ஒரு நாளாவது டிக் டிக்னு அடிச்சேனா?" லென்ஸ்காரரின் மணிக்கட்டு பதில் சொன்னது, ஆனால் அது அந்த நேரத்துக்குப் பொருத்தமான பதில் அல்ல.

கடைசியில் வாட்ச் கடைக்காரரிடமே கூட்டிக்கொண்டு போனாள். அவர் பதறவில்லை. வாட்ச் சோதிக்கிற இயந்திரத்தின் பிடிக்குள் லென்ஸ்காரரின் கையை வைத்து, காகிதத்தில் வந்த கோடுகளைப் பார்த்து, "ஒரு நாளைக்கு நாலு நொடி முந்துது. கையைத் தொங்கப் போட்டா ரெண்டு நொடி பிந்துது. நல்ல மெஷின் சார், கெடுத்துடாதீங்க" என்றார். காந்தம் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் எச்சரித்து அனுப்பினார்.

நல்ல மெஷின் என்கிற சொல் கட்டடத்தில் ஏறி இறங்கியது. முதலில் இரண்டாம் மாடி டீச்சர் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அவரைக் கேட்டுத் திருத்தினாள். வெளுத்த வட்டத்தைப் பார்த்தால் அவருக்கு மணி தெரிந்தது. எப்படி என்று கேட்டவர்களிடம், வாட்சைப் பார்த்தால் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் பஸ் நிலையத்து நேரக்காப்பாளர் காலையில் வாசலில் வந்து நின்றார். கண்ணாடிக் கடைக்கு, பார்வை சரியாக இருப்பவர்களும் வந்து, பின்னறையில் காது வைத்துக் கேட்டுவிட்டு, வந்த தோஷத்துக்கு ஒரு கண்ணாடித் துடைக்கும் துணி வாங்கிப்போனார்கள். லென்ஸ் தேய்க்கும்போது தண்ணீர் தெறிக்கும், இந்த வாட்சுக்கு ஒன்றும் ஆகாது. குளிக்கும்போது கழற்ற வேண்டாம், மறந்துபோய் வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, மாமனார் ஒரு ஞாயிறு, "சின்ன மாப்பிள்ளை, மணி என்ன?" என்று கேட்டார். ஒன்று இருபத்தாறு, பதினோரு நொடி என்று இவர் சொன்னார். மாமனார் எழுந்து போய்த் தன் கடிகாரத்தைத் திருத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து முதல் டம்ளர் காப்பி இளையவருக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்த டம்ளர் அது. இதை விட்டுவிடுவதாவது!

மாடியில் நிலைமை வேறு. அந்த வாட்ச் அமைதியான அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்காகத் தேர்ந்தெடுத்தது. லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் போய்ப் போய் அதற்குக் காந்தம் ஏறி, நாளைக்கு நாற்பது நிமிடம் முந்தியது. வெள்ளை முகப்புக்குள் கிரீஸ் வாசனை புகுந்தது. மாதத்துக்கு ஒருமுறை கடைக்காரர் காந்தத்தை இறக்கிக் கொடுத்து, "இது உங்க தொழிலுக்கு ஆன வாட்ச் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்தார். சகலையின் கண் மெல்ல மெல்ல இளையவரின் வெறுங்கைக்கு நகர்ந்தது. ஒரு ஞாயிறு சாப்பாட்டின் நடுவே கேட்டேவிட்டார்.

"சாவியே குடுக்க வேண்டாமா சகலை?"

"வேண்டாம்."

"தண்ணி பட்டா?"

"ஒண்ணும் ஆகாது."

"எப்படி வந்துது? மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? சொன்னா நானும்..."

அந்தப் பெரிய முகத்தில், காதுமடல்வரை, பொறாமை சிவப்பாக ஏறியிருந்ததை லென்ஸ்காரர் பார்த்தார். அவர் நெஞ்சில் பனிக்கட்டி வைத்தது போல் ஒரு சுகம் பரவியது. இனி எனக்கு என்ன குறை என்று நினைத்தார். நினைத்தார், சத்தம் நின்றது. மேஜையில் கரண்டிகள்கூட அசையவில்லை. மாமனார், "மணி என்ன மாப்பிள்ளை?" என்றார். லென்ஸ்காரர் கையைப் பார்த்தார், வெறும் தோல். "ஒண்ணே முக்கால்... இருக்கும்" என்றார். எல்லோரும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்கள். இரண்டு பத்து. மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்: "நீங்க சொல்லுங்க, பெரிய மாப்பிள்ளை." காப்பி வந்தபோது முதல் டம்ளர் இடம் மாறிப் போயிருந்தது.

பொறாமை போனதும் வாட்ச் நின்றுவிட்டது என்பதை அவர் அன்று இரவுச் சோற்றுக்கு முன்பே புரிந்துகொண்டார், தொழிலே நுணுக்கம் பார்ப்பதுதானே. திரும்ப ஓடவைப்பது எப்படி என்பது மறுநாள் எட்டு இருபதுக்குத் தெரிந்தது. லிஃப்டில் ஏறினார், உள்ளே சகலை. சகலைக்கு இடது கையால் பொத்தானை அழுத்துகிற பழக்கம். சட்டைக் கை பின்னுக்குப் போக, வெள்ளை முகப்பும் அந்தக் குட்டி நொடி முள்ளும் காப்பி நிற வாரும் வெளியே வந்தன. ரெண்டே நிமிஷத்துல வேலை முடிஞ்சுது, என்று லென்ஸ்காரர் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். டிக் என்றது. இன்னொரு தடவை சொன்னார். இன்னும் இரண்டு. முப்பது தடவை ஆனபோது லிஃப்ட் கீழே வந்துவிட்டது, வாட்ச் நிறைய ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு அது காலைக் கடனாயிற்று. எட்டு இருபதுக்கு அவர் லிஃப்ட் வாசலில் நிற்பார். பொறாமையை அளவாக ஏற்ற வேண்டும் என்று பழகப் பழகத் தெரிந்தது. ஒருநாள் ஆசை மிகுந்து, வாட்சோடு சகலையின் பெரிய பால்கனியையும் அந்தக் குரலையும் சேர்த்து நினைத்துவிட்டதில் முறுக்கு அதிகமாகி, அன்றைக்குப் பதினோரு நிமிடம் முந்தி ஓடி, பூட்டிய கடை வாசலில் போய் நின்றார். ஒரு முறை ஏற்றினால் நாற்பது மணி நேரம் தாங்கும். சகலை குடும்பம் மூன்று நாள் வெளியூர் போனபோது இரண்டாம் நாள் நள்ளிரவில் நின்றுபோனார்; காலையில் டீச்சர் தன் கடிகாரத்தைத் திருத்த வந்து, திருத்தாமலே திரும்பினாள். இந்த ஏற்பாட்டில் லென்ஸ்காரருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். காலையில் சத்தம் ஏறுகிறபோது அவர் முகம், குழந்தையை எழுப்பிவிட்ட முகம் போல இருக்கும். கூடவே லிஃப்டில் இறங்குகிற மனைவி அதைப் பார்ப்பாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவாள்.

ஊரிலிருந்து திரும்பிய மூத்தவள்தான் கண்டுபிடித்தாள். நாம் இல்லாதபோது இவர் ஓடவில்லையாமே, என்று கணவனிடம் சொன்னாள். சகலை லிஃப்ட் மெக்கானிக். ஒரு இயந்திரத்தை நிறுத்த எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவர். மூன்று நாள் யோசித்தார், அவர் வாழ்க்கையில் அதிகம் யோசித்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கை கழுவி உட்கார்ந்த பிறகு, வாட்சைக் கழற்றி மேஜையின் குறுக்கே நகர்த்தினார்.

"சகலை, இது உங்க வாட்ச். உங்க கைக்குன்னு அளந்து வெச்சது. நான் அவசரப்பட்டு வாங்கிட்டேன், எனக்கு ஒத்துவரல. மனசாரக் குடுக்கறேன், கட்டிக்கோங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் விஷம். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. லென்ஸ்காரரின் மணிக்கட்டில் சத்தம் மெலிந்து மெலிந்து, இரண்டு துடிப்புக்கு நடுவே மூச்சு விடலாம் போல இடைவெளி விழுந்தது. எடுத்துக்கொண்டால் அந்த நிமிடமே எல்லாம் தீர்ந்தது. சாதாரண வாட்ச் கட்டிய சாதாரண மனிதர், அதுவும் சகலை கழற்றிப் போட்டதைக் கட்டியவர். மறுத்தால், இவ்வளவு பெருந்தன்மைக்கு முன்னால் இவன் எவ்வளவு சின்ன மனுஷன் என்று சாப்பாட்டு மேஜை தீர்ப்பெழுதிவிடும். கை முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. "வாங்கிக்கோங்க மாப்பிள்ளை, என்ன யோசனை?" என்று மாமனார் அவசரப்படுத்தினார்.

அப்போது தண்ணீர்ச் செம்பைத் தாண்டி ஒரு கை நீண்டு வாட்சை எடுத்தது. மனைவி.

"பதினோரு வருஷமா சுவத்துக் கடிகாரத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்து நாடி எண்ணிட்டிருக்கேன்" என்றாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "லென்ஸ் தேய்க்கறவருக்கும் லிஃப்ட் பார்க்கறவருக்கும் நொடி முள் எதுக்கு? ஒரு ஆளாவது என்னைக் கேட்டீங்களா?"

கேட்டுவிட்டு, இடது கையில் கட்டிக்கொண்டாள். ஸ்ட்ராப்பில் கடைசித் துளைக்கு முந்தின துளை. முப்பத்தேழு மில்லிமீட்டர் அந்தக் கைக்கென்றே வார்த்தது போல உட்கார்ந்தது. காப்பி நிறம் அவள் தோலுக்கு எடுத்தது. எட்டு மாதம் தலையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு அங்கேயே பதில் இருந்தது. அவள் அப்பாவின் கையைப் பிடித்து, குட்டி நொடி முள்ளைப் பார்த்து நாடி எண்ணத் தொடங்கினாள். மூத்தவள் திறந்த வாயை மூடவில்லை. லென்ஸ்காரர் அந்த வெள்ளை முகப்பைப் பார்த்தார். தான் அளந்தது, தான் தேர்ந்தெடுத்தது, மூன்று வருடம் சனிக்கிழமை தோறும் வெயிலில் பிடித்துப் பார்த்தது, இனி தினமும் தன் வீட்டிலேயே, காப்பி ஆற்றும்போதும் தலை பின்னும்போதும், தன் கையில் அல்லாமல் இவள் கையில். அவர் மணிக்கட்டு ஒரு குலுக்குக் குலுக்கி, அதுவரை யாரும் கேட்டிராத உரப்போடு ஓட ஆரம்பித்தது.

"எழுபத்தெட்டு. உங்களுக்கு ஒண்ணும் இல்லைப்பா" என்று அப்பாவின் கையை விட்டாள். பிறகு கணவன் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டு, "ஓடுது" என்றாள். அன்றைக்கு முதல் டம்ளர் காப்பி யாருக்கு என்று மாமனாருக்கே குழப்பம் வந்து, மகளிடம் கொடுத்துவிட்டார். லென்ஸ்காரரின் மணிக்கட்டு அதற்கும் சேர்த்து ஓடியது.

எட்டு இருபது லிஃப்டுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. காலையில் மனைவி ஜன்னலோரம் நின்று முப்பது நாற்பது சுற்றுச் சாவி கொடுப்பாள், அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். சண்டை குறைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நீள்வதில்லை, இருவருக்கும் நேரம் தெரிவதால். வாட்ச் கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சோதித்து, ஒரு நொடி வித்தியாசம்கூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை டீச்சர் கேட்டு வாங்கிப் போனவள், அதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நாலைந்து தடவை வாட்ச் கடைக்குப் போய், மறுவருடம் கடைக்காரரையே கல்யாணம் செய்துகொண்டு கடைக்கு மேல் வீட்டுக்குக் குடிபோனாள். சகலைக்கு ஐம்பது மாடிக் கட்டடங்கள் இருக்கிற வேறு ஊரில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றின லாரி கிளம்பும்போது அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான்காம் மாடிக்கு ஒரு பல் டாக்டர் குடும்பம் வந்தது. மூன்று வருடம் கழித்துச் சகலையின் பெண்ணுக்கு அந்த ஊரிலேயே ஒரு வீடியோகிராபரோடு கல்யாணம் நடந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் கூட்டாளி, படத்தில் டிக் டிக் விழுகிறது, அந்தப் பெரியவர் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும் என்று சொல்ல, லென்ஸ்காரர் பெருமையோடு மூன்று வரிசை பின்னால் போனார். சகலை அங்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துத் தன் மணிக்கட்டைக் காட்டி, இத்தனை வருடமாக வயிறு எரிந்தும் ஒன்றும் வரவில்லை சகலை, என்று சொன்னார். லென்ஸ்காரர் அந்தக் கையைப் பிடித்துக் காதில் வைத்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் அமைவதில்லை என்றார்.